முப்பந்தயமும் நம் பெண்மக்களும்

 

‘டிரையத்லான்’ என்னும் முப்பந்தயத்தில் 1,500 மீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 10 கிலோமீட்டர் ஓடுதல் வேண்டும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இஃது இருபாலார்க்கும் சேர்க்கப்பெற்றது.

இம்மூன்றனுள் இரண்டு நம் புதுக்கோட்டைப் பெண்டிர்க்குப் புதியன அல்ல. 1991ஆம் ஆண்டு ஈண்டுத் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் பயின்ற மாதர் பல்லாயிரவர். கத்தக்குறிச்சிச் சாந்தி 2006ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். பதக்கம் பின்னர்ப் பறிக்கப்பட்டதாயினும், அவர் ஓடிய ஓட்டத்தைப் பறிக்க வல்லார் யாவர்?

எஞ்சியது நீச்சல். கண்மாயும் ஊருணியும் மலிந்த இந்நாட்டில் ஆண்பிள்ளைகள் குதித்து நீந்துகின்றனர்; பெண்பிள்ளைகளையோ கரையில் நிறுத்திவிடுகின்றோம். பந்தயத்தில் தோற்றால் பதக்கமே போம். நீந்த அறியாது கால் வழுக்கினால் உயிரே போம்.

ஆதலின், கண்மாயில் நீர் நிற்கும் தை மாத விடுமுறையில், நீந்த வல்ல மாதரைக் கொண்டு, இடுப்பளவு நீரில் நம் சிறுமியர்க்கு நீச்சல் பயிற்றுவிக்க இச்சங்கம் முன்வருமாறு வேண்டுகின்றோம். முதற்கண் எம் இல்லத்துச் சிறுமியரையே அனுப்புவோம்.