சிப்பினுள் கம்பி வழி காணல்



முத்துச் சிப்பிக்குப் பெயர் பெற்ற இக்கடற்கரையில், நான் பேச எடுத்துக்கொண்டது வேறொரு சிப்பு. தொலைபேசியினுள்ளும் ரேஷன் கடைக் கருவியினுள்ளும் இருக்கும் சிலிக்கன் சிப்பு. நான் பி.ஏ., பி.எட். படித்தவன், பொறியியல் அறிந்தவன் அல்லன். நம் பிள்ளைகளுள் ஒருத்தி எனக்கு இதனைக் கற்பித்தாள்; அந்தத் துணிவில் பேசுகிறேன்.

நகத்தளவான அச்சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருத்தல் கூடும். அவற்றைச் சேர்த்துச் சிறு சிறு அறைகளாக அமைத்து, அறைக்கு அறை உலோகக் கோடுகளால் இணைக்கின்றனர். வெவ்வேறு இணைப்புக்குரிய இரு கோடுகள் ஒரே தளத்தில் தொட்டால் சுற்றுக் கெட்டது. ஆகவே ஒரு தளத்தில் கிழக்கு மேற்காகவும், அதன் மேல் தளத்தில் வடக்குத் தெற்காகவும் கோடு ஓடும். தளம் மாற வேண்டிய இடத்தில் உலோகம் நிரப்பிய சிறு துளை இருக்கும். இப்பணியைக் கையால் முடிக்க ஆயுள் போதாது. கணிப்பொறி செய்கிறது.

அதற்கான நிரல்களுள் ஒன்று ‘கியூரவுட்டர்’. டிம் எட்வர்ட்ஸ் பேணி வளர்த்து, எவரும் விலையின்றிப் பெறுமாறு அளித்தது. படச்சாளரம் இன்றியும் இயங்கும். கட்டளையைத் தட்டச்சு செய்தால் போதும். அறைகளின் வடிவத்தைக் கூறும் ‘லெஃப்’ கோப்பை முதலில் படிக்கச் சொல்ல வேண்டும். எந்த அறை எங்குள்ளது, எதனோடு எது சேர வேண்டும் என்று கூறும் ‘டெஃப்’ கோப்பு அடுத்தது. பிறகு ‘ஸ்டேஜ் 1’, ‘ஸ்டேஜ் 2’ என இரு கட்டளைகள். விடையை எழுதச் சொல்லி முடிக்கலாம்.

உள்ளே நடப்பதைக் கேளுங்கள். உப்பளம் அறிந்தவர்களுக்கு இது எளிது. மடையைத் திறந்தால் நீர் நாற்புறமும் பரவும். வரப்பில் முட்டினால் சுற்றிக்கொண்டு போகும். அவ்வாறே, கட்டம் போட்ட தாளில் புறப்படும் கட்டத்தைச் சுற்றி 1 என்று எழுதுக. அவற்றை அடுத்து 2, பின்னர் 3. முன்னரே போட்ட கோடுகள்தாம் வரப்பு. சேருமிடத்தை எண் தொட்டதும், இறங்கு வரிசையில் திரும்பி நடந்தால் மிகக் குறுகிய வழி கிடைக்கும். லீ என்பார் 1961-இல் வெளியிட்ட முறை இது. ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

தொல்லை பிறகுதான். முதலில் போன கோடுகள் பின்னால் வருவனவற்றை மறித்துக்கொள்கின்றன. முதற்கட்டத்தில் வழி கிடைக்காதவற்றை நிரல் குறித்து வைக்கிறது. இரண்டாம் கட்டத்தில் மறிக்கும் கோட்டைப் பெயர்த்தெடுத்து, இதற்கு இடம் தந்து, அதனை வேறு வழி தேட அனுப்புகிறது. (நம் ஊர் வரப்புத் தகராறுகள் இவ்வளவு எளிதில் தீர்வதில்லை!) சில வேளைகளில் எத்தனை முறை பெயர்த்தும் முடிவதில்லை. அறைகளை நெருக்கி வைத்துவிட்டோம் என்பது அதன் பொருள். இடம் விட்டு மீண்டும் அடுக்க வேண்டும்.

எனக்குக் கற்பித்த அப்பிள்ளை படித்த பொறியியல் கல்லூரியில், விலையுயர்ந்த மென்பொருள் சில கணிப்பொறிகளில் மட்டுமே இருந்தது. முன்வரிசையார் இயக்க, பின்னால் நின்றவர்கள் விடையைப் பார்த்து எழுதினர். இவள் பின்னால் நின்றவள். வீட்டில் ஒரு பழைய கணிப்பொறியில் லினக்ஸை நிறுவி, சிறியதோர் எண்ணிச் சுற்றுக்குத் தானே கம்பி வழி போட்ட பின்னரே, தான் எழுதி வந்தது என்னவென்று அவளுக்கு விளங்கிற்று. பெரிய நிறுவனங்கள் வேறு கருவிகளை ஆள்கின்றன என்பதை அவளும் அறிவாள். ஆனால் அங்கும் கட்டளை எழுதுவோரே வேண்டும்.

கதவுகள் சில திறந்துள்ளன. ஆண்ட்ரூ கான் தலைமையில் கலிபோர்னியாவில் 2018-இல் தொடங்கிய ‘ஓப்பன்ரோடு’ முயற்சி, இப்பணி முழுவதற்கும் திறந்த நிரல்களைத் தந்தது. தொழிற்சாலைகள் மறைத்துவைத்த வடிவமைப்பு விதிகளில் 130 நானோமீட்டர் அளவுக்குரியவற்றை ‘ஸ்கைவாட்டர்’ நிறுவனமும் கூகுளும் 2020-இல் வெளியிட்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் படைத்த ‘சக்தி’ செயலியின் வடிவமைப்பும் திறந்ததே. அதன் சில்லுகளுள் ஒன்று சண்டிகரை அடுத்த மொகாலியில், நம் நாட்டிலேயே வார்க்கப்பட்டது.

சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் சிறியது. மாலை வகுப்பு நடக்கும் அறையில் இரண்டு பழைய கணிப்பொறிகள் போதும். அப்பிள்ளை சனிக்கிழமைதோறும் வந்து கற்பிக்க இசைந்திருக்கிறாள். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டோர் வரலாம். முதல் இரு வாரங்களுக்குக் கட்டத்தாளும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும்.