இரும்பைப் புனைவோர்



'பேப்ரிகேட்' என்னும் ஆங்கிலச் சொல்லை அலுவலகக் கோப்புகளில் நான் இரு பொருள்களில் சந்தித்திருக்கின்றேன். வழக்குத் தாள்களில் அது பொய்ச்சான்று புனைதலைக் குறிக்கும். தொழிற்சாலைத் தாள்களிலோ, இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துப் பொருளாக்குவதைக் குறிக்கும். நம்முடைய 'புனைதல்' என்ற சொல்லும் இவ்விரண்டையும் தாங்குவது வியப்பே. ஆயினும் அத்தொழிலாளர் எவரும் தம்மைப் புனைவோர் என்று கூறிக்கொள்ள நான் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு, பற்றவைப்புப் பணிக்குரிய கையேடு ஒன்று மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்தது. இலக்கியம் பயின்றவனாகிய எனக்கு இரும்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது துருப்பிடிக்கும் என்பதே. ஆகவே, பரீதாபாத்தில் பட்டறை ஒன்றில் தலைமைத் தொழிலாளராயிருக்கும் திருவெறும்பூர் அன்பர் ஒருவரை நாடிச் சென்றேன். திருச்சியில் கொதிகலன் ஆலை 1960-களில் எழுந்தபின் அதனைச் சுற்றிப் பெருகிய சிறு பட்டறைகளில் தொழில் பழகியவர் அவர். வடக்கே வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

தீப்பொறி பறப்பதுதான் இத்தொழில் என்று நான் எண்ணியிருந்தேன். அவரோ முதலில் ஒரு வரைபடத்தை விரித்தார். "சார், தப்பெல்லாம் இங்கேதான் ஆரம்பம்" என்றார். 10 மில்லிமீட்டர் தடித்த தகட்டை உருட்டி, வெளிவிட்டம் 1,000 மில்லிமீட்டர் உள்ள உருளை செய்யவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தகட்டை எவ்வளவு நீளம் வெட்டுவது? ஆயிரத்தை 22/7-ஆல் பெருக்கினால் தவறு. வளைக்கும்போது வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் சுருங்கும், நடுப்பகுதியே மாறாதிருக்கும். ஆதலால் 990-ஐப் பெருக்கவேண்டும். இல்லையேல் தகடு ஏறக்குறைய 31 மில்லிமீட்டர் மிகுந்துவிடும். மூலைமட்டம் எட்டாத பெரிய சட்டங்களுக்கு 3, 4, 5 என்ற அளவில் முக்கோணம் பிடித்துச் செங்கோணம் காண்கின்றனர். பள்ளியில் பிதாகரசைக் கண்டு அஞ்சிய நான் அங்கே அவரைச் சுண்ணாம்புக்கோட்டில் கண்டேன்.

அடுத்தது, சூட்டின் குணம். பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கித் தன்பக்கம் இழுக்கும். நிமிர்த்தி நிறுத்திய தகட்டின் ஒருபுறம் மட்டும் பற்றவைத்தால் அது அப்புறமே சாய்ந்துவிடும். எனவே தேர்ந்தவர் முன்னதாகவே அதனை மறுபுறம் சிறிது சாய்த்து நிறுத்துவார். நீண்ட இணைப்பைத் தொடர்ந்து ஓட்டாமல், சிறு சிறு துண்டுகளாக இடம் மாற்றி ஓட்டுவார். எவ்வளவு சாய்ப்பது? "கை சொல்லும்" என்றார். 1943-இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலம் ரிவெட்டுகளால் ஆனது; அத்தொழிலில் இத்துன்பம் இவ்வளவு இல்லை. 2025-இல் திறக்கப்பட்ட செனாப் பாலத்தின் 467 மீட்டர் வளைவுக்குரிய பகுதிகளோ பற்றவைப்பினால் உருவானவை.

பின்னர் என் மொழிபெயர்ப்பை வாசித்துக் காட்டினேன். முதற்பக்கத்திலேயே சிரித்துவிட்டார். தகடுகளை நிலைநிறுத்த ஆங்காங்கே இடும் சிறு பற்றவைப்பை நான் 'ஆணி' என்று எழுதியிருந்தேன். 'டாக்' என்னும் சொல்லுக்கு அகராதி தந்த பொருள் அது. ஐந்தாம் பக்கத்தில் அவர் சிரிக்கவில்லை. ஹைட்ரஜன் குறைந்த வகைப் பற்றவைப்புக் குச்சிகளை "உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று எழுதியிருந்தேன். மூலத்தில் இருந்ததோ, ஈரம் பட்ட குச்சிகளை அடுப்பிலிட்டுச் சுடவேண்டும் என்பது. அதற்கு 300 பாகை செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். ஈரம் தங்கினால் அதிலுள்ள ஹைட்ரஜன் உருகிய இரும்பினுள் புகும். அன்று இணைப்பு நன்றாகவே தோன்றும். ஓரிரு நாள் கழித்து உள்ளே விரிசல் காணும்.

"இதை நம்பி ஒருவன் கொதிகலன் செய்தால்?" என்றார். நான் விடை கூறவில்லை. அச்சுக்குப் போகுமுன் அவ்வரியைத் திருத்தினேன். மற்றப் பக்கங்களையும் அவர் முன்னிலையில் மூன்று ஞாயிறுகள் படித்தேன்.

கைம்மாறாக அவர் கேட்டது ஒன்றுதான். இத்தனை ஆண்டு அனுபவத்துக்கும் அவரிடம் சான்றிதழ் கிடையாது. அதனால் நேற்று வந்த இளைஞர்களைவிடக் குறைந்த கூலி பெற்றுவந்தார். 45 பாகை சாய்வில் அசையாது பொருத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைத்துக் காட்டும் தேர்வுக்கு அவர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. நான் நிரப்பினேன். "கல்வி" என்ற கட்டத்தில் எட்டாம் வகுப்பு என்று எழுதச் சொன்னார். "தொழில்" என்ற கட்டம் வந்ததும் பேனாவைத் தாமே வாங்கி, பெரிய எழுத்துகளில் மெல்ல எழுதினார்.