வெறும் மணல் என்று ஒன்று இல்லை

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)



"வட்டி, வரி எல்லாம் வேண்டாம் சார், பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்" என்று செயலர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் இன்று ஓணானைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நம்மில் பலர் சிறுவயதில் ஓணானைக் கல்லால் அடித்தவர்கள்தான். ராமருக்கு உதவிய அணிலுக்கு முதுகில் மூன்று கோடு, ஓணானுக்குக் கல்லடி. மயிலாப்பூரில் நானும் ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டுப் பிடித்திருக்கிறேன். ஓணானை வேறு கண்ணால் பார்க்க வைத்தது, வங்கி எனக்குக் கொடுத்த ஒரு மாற்றல்.

1980களில் திருச்செந்தூர் பக்கம் ஒரு கிளையில் கிளார்க்காக இருந்தேன். ஒரு நாள் விவசாயக் கடன் பார்வையிடப் போன அதிகாரியுடன் குதிரைமொழித் தேரிக்குப் போனேன். தேரி என்றால் காற்று குவித்த செம்மணல் மேடு. மணலில் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். அங்கங்கே பனை, முந்திரி. உச்சிவெயிலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

"வெறும் மணல் சார், இங்கே என்ன இருக்கிறது?" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கையகல ஓணான் ஒன்று பின்னங்கால் இரண்டில் எழுந்து, மனிதனைப் போல ஓடியது. கொஞ்ச தூரம் போய் ஒரு மேட்டில் நின்று, தொண்டைக்குக் கீழே விசிறி மாதிரி ஒன்றை விரித்துக் காட்டியது. நான் வாயடைத்து நின்றேன்.

அதன் பெயர் விசிறித் தொண்டை ஓணான் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. விஞ்ஞானிகள் 'சிட்டானா' என்கிறார்கள். 1829இல் பிரெஞ்சு அறிஞர் குவியே, புதுச்சேரியின் பெயரைச் சேர்த்து ஓர் இனத்தைப் பதிவு செய்தார். தோட்டத்து ஓணானுக்குப் பின்னங்காலில் ஐந்து விரல், இதற்கு நான்குதான். விசிறி ஆணுக்கு உரியது. பெண்ணை அழைக்கவும், வேறு ஆண் வந்தால் எச்சரிக்கவும் அதை விரிக்கும். 2016இல் இதே வகையில் புதிதாகப் பதிவான இரண்டு இனங்களுக்குத் தமிழ்ப் பெயர்களே வைத்தார்கள்: ஒன்று 'விசிறி', மற்றொன்று 'மருதம்நெய்தல்'.

மணலில் வாழப் பழகிய பல்லிகள் வேறு நாடுகளிலும் உண்டு. ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் ஒரு பல்லி, சுடுமணலில் கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆறவைக்கும். சூடு பொறுக்காவிட்டால் மணலுக்குள்ளேயே புகுந்துவிடும். ஏனென்றால் மேலே கொதிக்கும் மணல், சற்று ஆழத்தில் குளிர்ந்திருக்கும். நம் விசிறி ஓணானின் பெண்ணும் மண்ணைத் தோண்டித்தான் முட்டையிட்டு மூடிவைக்கும். இவற்றுக்கெல்லாம் வீடு, குடை, தொட்டில் எல்லாமே அந்த மணல்தான்.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கும் மணல் திட்டு முழுவதையும் பேவர் பிளாக் போட்டு மூட வேண்டும் என்று சென்ற வருடம் முன்மொழிந்தவன் நான்தான். "சும்மா கிடக்கும் இடம்" என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான். இன்று அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன்.

அங்கே விசிறி ஓணானை நான் பார்த்ததில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரண ஓணானும் அரணையும் இருக்கின்றன. மழை பெய்தால் முதலில் தண்ணீரை உறிஞ்சுவதும் அந்த இடம்தான். 2015 டிசம்பரைப் பார்த்த நமக்கு அதன் மதிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை.

வங்கியில் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயல்படாக் கணக்கு என்போம். அதற்காக அதை யாரும் இல்லாத கணக்கு என்று முடித்துவிட மாட்டோம். உள்ளே இருப்பு இருக்கும், உரியவர் எங்கோ இருப்பார். குதிரைமொழியில் நான் பார்க்கத் தவறியது அதைத்தான்.

வண்டி திரும்ப வேண்டிய பாதிக்கு மட்டும் கல் போடுவோம், மீதியை மணலாகவே விடுவோம். அடுத்த பொதுக்குழுவில் இப்படித் திருத்தி முன்மொழிகிறேன், ஆதரியுங்கள். குழந்தைகளே, ஓணானைப் பார்த்தால் கையில் உள்ள கல்லைக் கீழே போட்டுவிட்டு இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கல்லெறிந்த காலத்தில் எங்களுக்குத் தெரியாத பலவும் உங்களுக்குத் தெரியும்.