நாரையோடு ஒட்டிய ஓர் 'உம்'



பள்ளித் தேர்வில் 'நயம் பாராட்டுக' என்று ஒரு வினா வரும். ஒரு பாடலைக் கொடுத்திருப்பார்கள். நாம் முதலில் 'திரண்ட கருத்து' என்று தலைப்பிட்டு நான்கு வரி எழுதுவோம். பிறகு மோனை, எதுகை, இயைபு, அணி என்று வரிசையாகத் தலைப்புகள் போட்டு, அடியில் கோடிட்டு முடிப்போம். நானும் அப்படி எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். கருத்து என்பது வெந்த பருப்பு, அணி என்பது மேலே கொட்டும் தாளிதம் என்று என் மனத்தில் பதிந்துபோயிற்று. தாளிக்காவிட்டாலும் பருப்பு பருப்புதானே என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது குறுந்தொகையின் 25ஆம் பாடல். கபிலர் பாடியது. ஐந்தே அடி.

செய்தி சிறியது. தலைவியும் தலைவனும் யாருக்கும் தெரியாமல் கூடினார்கள். நாள் போகிறது, அவன் இன்னும் மணம் பேச வரவில்லை. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அன்றைக்கு அங்கே ஒருவரும் இல்லை, அவன் மட்டுமே இருந்தான், அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? இதுவரை இது ஒரு பெண்ணின் முறையீடு. திரண்ட கருத்து எழுதுகிறவர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவார்.

கபிலர் மூடவில்லை. இன்னும் ஒன்று அவளுக்கு நினைவு வருகிறது. அங்கே ஒரு நாரை நின்றது. தினைத்தாள் போல மெல்லிய, பசிய கால்கள் அதற்கு. ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்தபடி நின்றது. குருகு என்பது பாட்டில் அதன் பெயர். அந்தப் பெயரோடு 'உம்' என்ற இடைச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவருமில்லை என்று சொன்ன வாய், நாரையும் இருந்தது என்று திருத்திக்கொள்கிறது. சாட்சி தேடித் தேடி, கடைசியில் ஒரு பறவைதான் கிடைக்கிறது. அது வாய் பேசாது. அதன் கண்ணோ மீன்மேல் இருந்தது. அவளுடைய கதியற்ற நிலை முழுவதும் அந்த ஓர் 'உம்' மேல் நிற்கிறது. அதை எடுத்துவிட்டுக் கருத்தை மட்டும் சொல்லிப் பாருங்கள். முறையீடு மிஞ்சும், பாட்டு போய்விடும்.

அந்தக் கால்களை ஏன் சொன்னாள்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நாணத்தால் தலை குனிந்திருப்பவளுக்கு எது கண்ணில் படும்? பறவையின் கால்தான் படும், அது நிற்கும் நீர்தான் படும். அலகையும் சிறகையும் விட்டுவிட்டுக் காலின் மென்மையும் நிறமும் இத்தனை நாளுக்குப் பிறகும் அவளுக்கு மறக்கவில்லை. உவமைக்கு அவள் எடுத்ததும் தினைத்தாளை. தினைப்புனம் காப்பது குறிஞ்சி நிலத்துப் பெண்ணின் வேலை. காதலர் சந்திப்பதும் அங்கேதான். கதிர் முற்றி அறுவடை ஆனால் வீட்டைவிட்டு வெளியே வர அவளுக்குக் காரணம் இருக்காது. இத்தனையும் ஒரு பறவையின் காலுக்குள் அடங்கியிருக்கிறது.

இலக்கணத்தையும் ஒரு கணம் கவனியுங்கள். கூடியதைச் சொல்லும் சொல் இறந்தகாலம், அது முடிந்துபோனது. நாரை பார்ப்பதைச் சொல்வதோ 'செய்யும்' என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். அது ஒரு காலத்துக்குள் அடங்காது. அன்று பார்த்த நாரை இன்னமும் அவள் மனத்தில் பார்த்துக்கொண்டே நிற்கிறது. பெயரெச்சம் என்று வாய்பாடு சொல்லி மனப்பாடம் செய்தோமே, அது எதற்காக என்று எனக்கு விளங்கியது இந்த இடத்தில்தான்.

நாரை நீர்ப்பறவையாயிற்றே, குறிஞ்சிப் பாட்டில் அதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தொல்காப்பியர் இதற்கு வழி விட்டிருக்கிறார். பூவும் பறவையும் ஒரு நிலத்துக்குரியவை இன்னொரு நிலத்தில் வரலாம். உரிப்பொருள், அதாவது பாட்டின் காதல் நிலை, மட்டும் மயங்கக் கூடாது. தெய்வம் நீங்கலாகப் பறவை, மரம் போன்ற மற்றக் கருப்பொருள்களைக் கொண்டு, சொல்லாத ஒன்றைக் குறிப்பால் உணர்த்தும் உள்ளுறை பற்றியும் அவர் பேசுகிறார்.

உள்ளுறைக்கு இன்னொரு பாட்டு: குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார் பாடியது. வயலோரத்து மாமரம், அதில் பழுத்துத் தானாக விழும் பழத்தைப் பொய்கையில் வாழும் வாளைமீன் கவ்விக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஊரின் தலைவன் எங்கள் வீட்டில் பெரும்பேச்சுப் பேசுகிறான். தன் வீட்டிலோ, நாம் கை தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவைபோல, தன் மகனின் தாய் விரும்பியபடி ஆடுகிறான் என்கிறது பாட்டு. இதைச் சொல்வது யார்? பேசுகிறவர் தெரியாமல் படித்தால் மாம்பழம் வெறும் இயற்கை வருணனை. பேசுகிறவள் காதற்பரத்தை, மனைவியை விட்டுத் தலைவன் நாடி வந்த பெண். மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, மனைவியைச் சேர்ந்தவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள். இப்போது வாளைமீன் வாய் திறக்கிறது: நான் மரம் ஏறவில்லை, பழம் தானாக வந்து விழுந்தது. மனைவி என்று சொல்லாமல் மகனின் தாய் என்று சொன்னதில் எவ்வளவு குத்தல் இருக்கிறது!

பாடலின் கீழே தொகுத்தவர்கள் எழுதிவைத்த துறைக்குறிப்பு இதனால்தான் முக்கியம். யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னது என்று அது ஒரே வரியில் சொல்லிவிடும். அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயர் வராது. குரலை வைத்துத்தான் ஆளை அறிய வேண்டும்.

குறுந்தொகைக்குப் பேராசிரியர் எழுதிய உரை இருந்தது. அவர் விட்ட 20 பாடல்களுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார். இரண்டும் நமக்குக் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் தாமே உரை எழுதி 1937இல் பதிப்பித்தார். பொருள், பாடபேதம், ஒப்புமைப் பகுதி எல்லாம் அதில் உண்டு. அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. ஆனாலும் முதல் வாசிப்பிலேயே உரையைப் பிரிக்காதீர்கள் என்பேன். உரை உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும்.

கடவுள் வாழ்த்து நீங்கலாகக் குறுந்தொகையில் 401 பாடல்கள். இன்று இரவு ஏதாவது ஒன்றை எடுங்கள். சீர் பிரித்த பதிப்பானால் பதம் பிரித்து, இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். பேசுவது யார், கேட்பது யார் என்று பாருங்கள். பிறகு அங்கே நிற்கும் பறவை, மீன், மரம், பூ எதுவானாலும் அதனருகில் சற்று நேரம் நில்லுங்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அந்த நாரை ஏன் அங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலைக் கடைசிவரை கேளுங்கள்.