மான்கன்றின் கண்ணில் மனிதன்

வாழைச்சேனை என்னும் ஊர்ப்பெயரினுள்ளேயே காட்டின் வரலாறு அடங்கியிருக்கின்றது. காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலத்தைச் சேனை என்பது கிழக்கிலங்கை வழக்கு. வாவிக் கரையை விட்டு மேற்கே செல்லின், வயலும் பற்றைக்காடும் கடந்து மதுறு ஓயாப் பெருங்காட்டை அடையலாம். அது புள்ளிமான் வாழும் நிலம். ஆதலின், 1942ஆம் ஆண்டு வால்ற் டிஸ்னி வெளியிட்ட ‘பம்பி’ என்னும் சித்திரத் திரைப்படம் இவ்வூராருக்கு அயலார் கதையன்று.

வியன்னா நகரில் வாழ்ந்த பீலிக்ஸ் சால்ற்றன் என்பார் 1923இல் நூலாக வெளியிட்ட நாவலே அப்படத்திற்கு மூலம். காட்டில் ஒரு மான்கன்று பிறக்கின்றது. தாயின் பின்னே நடந்து உலகை அறிகின்றது. பனிக்காலம் கழியும் வேளையில் தாயை இழக்கின்றது. பின்னர் வளர்ந்து காட்டின் தலைமையை ஏற்கின்றது. கதை இவ்வளவே.

ஆயினும் அதில் ஓர் அருமை உண்டு. படம் முழுவதிலும் மனிதன் ஓரிடத்திலேனும் உருவத்துடன் தோன்றுவதில்லை. தாய்மான் சாய்வதும் காட்டப்படுவதில்லை. வெடியோசை ஒன்று கேட்கின்றது. அதன்பின் கன்று தாயைத் தேடி அழைக்கின்றது. காட்டை அழிக்கும் பெருந்தீயும் வேட்டைக்காரர் மூட்டிய நெருப்பிலிருந்தே பரவுகின்றது. காணப்படாத மனிதனே அங்கு எல்லா அச்சத்திற்கும் காரணன். படம் வெளிவந்தபோது அமெரிக்க வேட்டைக்காரர் சிலர் சினந்தமைக்கும் இதுவே காரணம்.

அக்கதையின் கன்றுக்கும் இலங்கைக் கன்றுக்கும் வேற்றுமை உண்டு. பம்பியின் இனத்தில் இளமைப் புள்ளிகள் வளர வளர மறையும்; புள்ளிமானுக்கோ அவை ஆயுள் முழுவதும் நிலைக்கும். ஆனால் ஒளிந்திருக்கும் இயல்பு இரண்டிற்கும் பொது. பிணைமான் தன் இளங்கன்றைப் புதரில் மறைத்துவிட்டு மேயச் செல்லும். பாலூட்ட மீண்டும் வரும். கன்றும் அதுவரை அசையாது கிடக்கும்.

இதனை அறியாதார், விறகு தேடியோ மாடு தேடியோ செல்லுமிடத்தில் அத்தகைய கன்றைக் கண்டால், தாயற்றதென இரங்கி வீட்டிற்குத் தூக்கி வருவர். இரக்கமே அங்கு தீங்காகின்றது. திரும்பி வரும் தாய் வெறும் புதரையே காண்கின்றது. வீட்டில் வளரும் கன்றோ காட்டில் வாழும் வகையறியாது போகின்றது. ஆணாயின், கொம்பு முளைத்தபின் வளர்த்தவரையே முட்டுதலும் உண்டு. கன்றுள்ள பிணையைச் சுடுவோரோ ஒரு வெடியால் ஈருயிரைப் போக்குகின்றனர்.

வனவிலங்குகளைக் காக்க 1937ஆம் ஆண்டிலேயே இலங்கையில் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், காட்டோரத்தில் எந்நேரமும் சட்டம் காவல் நிற்பதில்லை. அங்கு நிற்பவன் மனிதன் ஒருவனே. புதரில் கிடக்கும் கன்றைக் கண்டும் தொடாது, ஓசையின்றி விலகிச் செல்பவன் அதன் தாய்க்கு வழிவிட்டவன் ஆவான்.