முதற்சொல் ஏன் தாமதிக்கிறது?

கிள்ளான் பள்ளிகளில் இணைய அகராதி முதற்சொல்லுக்குப் பொருள்தரத் தாமதித்தால், 'லைன் மோசம்' என்கிறோம். மறுசொல்லுக்கு உடனே பொருள் வருகிறதே! லைனே மோசமெனில் இரண்டும் தாமதிக்க வேண்டுமன்றோ?

மைக்ரோசாப்டின் ஐஐஎஸ் போன்ற வழங்கி, 20 நிமிடம் எவரும் வினவாவிடில் செயலியை நினைவகத்திலிருந்து இறக்கிவிடும். அதன் தொடக்க அமைப்பே அதுதான். அடுத்து வினவுபவருக்காக அகராதிச் செயலி மீண்டும் ஏறவேண்டும். தொடக்கப்பள்ளிப் பாடவேளையோ 30 நிமிடம். பாடத் தொடக்கத்தில் மட்டும் அகராதியைத் திறந்தால், ஒவ்வொரு வகுப்பும் உறங்கும் வழங்கியையே தட்டியெழுப்புகிறது. பொறுமையிழந்த பிள்ளை தமிழகராதியை விட்டே அகன்றுவிடுகிறது. நம் கவலை அதுதான்.

பிறர் பயன்படுத்தாத விடுமுறை நாளில், 15 நிமிடம் விட்டு ஒருசொல், 25 நிமிடம் விட்டு ஒருசொல் தேடிப் பார்ப்போம். பின்னது மட்டும் தாமதித்தால், அந்நேரக் குறிப்புடன் தளப் பொறுப்பாளரை அணுகி, உறக்க எல்லையை 0 ஆக்கச் சொல்வோம். நினைவகம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.