கல் தூசியும் தலைவிதியும்



இன்று நான் பேச வந்தது உங்கள் மூச்சைப் பற்றியதாகும். இந்தக் கிருஷ்ணகிரி, ஜெகதேவி, ஓசூர், தளி வட்டாரங்களில் கல்லுக்குத் துளை போட்டும், உடைத்தும், அறுத்தும், பாலீஷ் போட்டும் ஜீவனம் செய்யும் தோழர்கள் ஏராளமாய் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நாற்பது வயதிலேயே மேடு ஏற முடியாமல் மூச்சு வாங்கினால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "தலைவிதி" என்கிறார்கள், "முனி அடித்துவிட்டது" என்கிறார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். அது விதியுமல்ல, முனியுமல்ல, தூசி என்று நான் சொல்லுகிறேன். நான் சொல்லுவதற்காக நீங்கள் நம்ப வேண்டாம். காரணத்தைக் கேட்டு, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

கருங்கல்லில் சுமார் கால் பங்கு குவார்ட்ஸ் என்னும் படிகப் பொருள் இருக்கிறது. கல்லை உலர்ந்தபடியே அறுத்தால் அது புகைபோல் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் சளியும் பெரும்பாலும் தடுத்துவிடும். தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூசியோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கு காவலிருக்கும் அணுக்கள் அதை விழுங்கிச் சாகின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு விரியாது. விரியாத நுரையீரலில் காற்று எப்படி நிரம்பும்? இதற்குத்தான் சிலிகோசிஸ் என்று பெயர். சாதாரணமாய் 10 வருஷத்துக்கு மேல் வேலை செய்த பிறகு தெரியும். தூசி மிகுந்தால் சில வருஷத்திலேயே வரும். வந்தால் குணமாக்க இன்றுவரை மருந்து கிடையாது. வேலையை விட்ட பின்னும் அது வளரக்கூடும். காசமும் சுலபமாய் ஒட்டிக்கொள்ளும். பீடியும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பாகும்.

சில தோழர்கள் வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் தூசி இறங்கிவிடும் என்கிறார்கள். சாராயம் கழுவிவிடும் என்பாரும் உண்டு. சோறு போகும் குழாய் வேறு, மூச்சுப் போகும் குழாய் வேறு அல்லவா? வயிற்றுக்குப் போன வெல்லம் நுரையீரலுக்கு என்ன செய்யும்?

நிற்க. இது புதிதாய்க் கண்டுபிடித்த சங்கதியல்ல. 1700லேயே இத்தாலி தேசத்து வைத்தியர் ரமசீனி, தொழிலால் வரும் நோய்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் கல் வேலைக்காரரைச் சேர்த்திருந்தார். அவ்வளவு தூரம் போவானேன்? எல்லைக்கு அப்புறத்திலுள்ள கோலார் தங்கவயலைப் பாருங்கள். அங்கு பாறையைத் துளைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து போன தமிழர்கள், அதிலும் தாழ்த்தப்பட்டவர்கள். இந்தக் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் ஜில்லாதான். மைசூர் சமஸ்தானத்தில் 1940லேயே சிலிகோசிஸ் விதிகள் வந்தன. 1940 முதல் 1946 வரை ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகளைச் சோதித்ததில் 100க்கு 40 பேருக்கு மேல் இந்நோய் இருந்ததாகத் தெரிந்தது. 2001இல் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது. தங்கம் போன இடம் வேறு. தூசி போன இடம் நம்மவர் நெஞ்சு. அவர்கள் எல்லோருக்கும் ஒரே தலைவிதியா எழுதியிருக்கும்? சுரங்கத்தின் தூசிக்குள் இறங்காத முதலாளிக்கு மாத்திரம் அந்த விதி ஏன் இல்லை?

இதற்குப் பரிகாரம் தண்ணீர்தான். துளை போடும் இடத்திலும் அறுக்கும் வாளிலும் தண்ணீர் ஓடினால் தூசி பெரிதும் அடங்கிவிடும். வழிந்த சேற்றை ஈரத்தோடு அள்ள வேண்டும். காயவிட்டுத் துடைப்பத்தால் பெருக்கினால் மறுபடியும் தூசிதான். துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. என்-95 போன்ற முகக்கவசம் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் முகக்கவசம் கொடுத்துவிட்டுத் தண்ணீரை நிறுத்துவது மோசடியாகும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

இதே கல் சிலையாகிக் கோயிலுக்குள் போனால் அதற்குக் குடம் குடமாய்த் தண்ணீரும் பாலும் ஊற்றுகிறோம். அதை அறுத்த அன்று தண்ணீர் ஊற்றியிருந்தால் அறுத்தவன் நெஞ்சு புண்ணாகியிராதே! உணர்ச்சியில்லாத கல்லுக்கு ஸ்நானம். உயிருள்ள மனிதனுக்குத் தூசி. இது என்ன நியாயம்?

கடைசியாக ஒன்று. இருமல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கேட்காவிட்டாலும், "நான் இத்தனை வருஷம் கல் அறுத்தவன்" என்று நீங்களே சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். சிலிகோசிஸும் எக்ஸ்ரேயில் காசம்போல் தோன்றக்கூடும்; காசம் என்று மாத்திரம் எழுதிவிட்டால் தொழிலால் வந்த நோய் மறைந்துபோகும். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே சிலிகோசிஸ் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய நோயாகச் சேர்க்கப்பட்டது. 2020ஆம் வருஷத்துச் சட்டத்தொகுப்பிலும் அது உண்டு. ராஜஸ்தான் சர்க்கார் 2019இல் இந்நோயாளிகளுக்காகத் தனித் திட்டமே வகுத்தது. பெயர் எழுதப்படாத நோய்க்கு நஷ்டஈடு கிடைக்குமா?

ஆகவே தோழர்களே! கயிறு கட்டும் காசை மிச்சம் பிடியுங்கள். நாளைக் காலை வேலைக்குப் போனதும், "தண்ணீர் எங்கே?" என்று எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். ஒருவன் கேட்டால் வேலை போகும். எல்லோரும் கேட்டால் தண்ணீர் வரும் என்று சொல்லி என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.